சாரம் சரிந்தால் யார் கொடுப்பது?

(கட்டிடத் தொழிலாளர்களும் சிறு மேஸ்திரிகளும் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் இன்ஷூரன்ஸ். அதைச் சொன்னவுடன் பின்வரிசையில் இரண்டொரு தோழர்கள் சிரித்தது நம் காதில் விழுந்தது. கூலியைப் பற்றிப் பேசுவார்கள் என்று வந்தால் பாலிசி விற்க வந்துவிட்டார்களே என்று நினைத்திருக்கலாம். நாம் பாலிசி விற்க வரவில்லை. அதில் நமக்குச் சல்லிக்காசு கமிஷனும் கிடையாது. ஆனால் ஒரு குடும்பத்தின் கதையைக் கண்ணால் கண்ட பிறகு, இதைப் பேசாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி. பதினைந்து வருஷம் கரணை பிடித்துவிட்டு, பிறகு சொந்தமாக வேலை எடுக்கத் தொடங்கியவர். ஆட்கள் ஆறு பேர். மாடி வீடு ஒன்றில் வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. சவுக்குக் கம்பில் கட்டிய சாரம், கயிறு பழசு. காலை பத்து மணிக்குச் சாரம் சரிந்தது. கொத்தனார் ஒருவருக்குக் கால் முறிந்தது. கலவைச் சட்டியோடு மேலே நின்ற சித்தாள் பெண் அங்கேயே உயிரை விட்டார். வயது முப்பது, இரண்டு குழந்தைகள். அவர் பிறந்தது விவசாயக் கூலிக் குடும்பம். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் பாண்டு தூக்க வந்தவர். மேஸ்திரியும் அவரும் ஒரே தெரு.

மேஸ்திரி கெட்ட மனிதரல்ல. இதைச் சொல்லியாக வேண்டும். அன்று இரவே கலவை மிஷினை விற்றார். மனைவியின் தோட்டை அடகு வைத்தார். ஒன்றரை லட்சம் திரட்டி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அந்தக் குடும்பத்திடம் கொடுத்து, "இனி எந்த வழக்கும் இல்லை" என்று பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். விஷயம் முடிந்தது என்று நினைத்தார்.

முடியவில்லை. பிறகு குழந்தைகளின் பாட்டி நம்மிடம் வந்தார். மனுப் போட்டோம். கணக்குப் போட்ட அதிகாரி பதினைந்து லட்சத்துக்கு மேல் கொடுக்கும்படி உத்தரவிட்டார். பத்திரம் செல்லாது என்றும் சொல்லிவிட்டார். மேஸ்திரியிடம் விற்க இனி என்ன இருக்கிறது? ஒரு நாள் விடியற்காலை ஊரை விட்டே போய்விட்டார். கேரளத்தில் எங்கோ கூலிக்குக் கல் கட்டுகிறார் என்று கேள்வி. உத்தரவு அந்தப் பாட்டியின் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. குழந்தைகள் ரேஷன் அரிசியில் வளர்கிறார்கள்.

நாம் வழக்கில் ஜெயித்தோம். ஜெயித்த காகிதத்தை வைத்து என்ன செய்வது? அன்று முதல் இந்தக் கேள்வி நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மில் தோழர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கலாம். கோவை வட்டாரத்தில் 1955-ல் இ.எஸ்.ஐ. வந்தது. மிஷினில் விரல் போனால் ஆஸ்பத்திரி உண்டு, ஊனத்துக்குப் பணம் உண்டு. முதலாளி திவாலானாலும் அந்தப் பணம் நிற்பதில்லை. ஆனால் மில் மூடிய பின் கரணையைக் கையில் எடுத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர்! தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்திலிருந்து வயல் வேலை ஓய்ந்ததும் பஸ் ஏறி வருபவர்கள் எத்தனை பேர்! ஆறு பேர் வேலை செய்யும் வீட்டுக் கட்டிடத்தில் இ.எஸ்.ஐ. ஏது? பத்துப் பேரும் அதற்கு மேலும் வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரி, இ.எஸ்.ஐ. தனக்கு உண்டா என்று முதலில் அந்த ஆபீசில் கேட்டுவிட வேண்டும். உண்டு என்றால் அதில் சேருவதே சரி. நாம் இனிச் சொல்லப்போவது அதற்குக் கீழே இருக்கிற, கணக்கில் வராத பெருங்கூட்டத்துக்கு.

மேஸ்திரி முதலாளியா, தொழிலாளியா?

இந்தக் கேள்விக்கு நமக்குள்ளேயே நிறைய விவாதம் உண்டு. போன மாதம் சித்தாளோடு நின்று கலவை குழைத்தவர், இந்த மாதம் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வேலை எடுக்கிறார். சனிக்கிழமை மாலை ஆட்களுக்குக் கூலி கொடுத்துவிட்டுத் தனக்கு மிஞ்சுவது என்ன என்று எண்ணிப் பார்த்தால், பல வாரம் ஒரு கொத்தனார் கூலிகூட மிஞ்சுவதில்லை. அவரை எப்படி முதலாளி என்பது?

நாம் சொல்லாவிட்டாலும் சட்டம் சொல்கிறது. ஆளை அமர்த்தி, வேலை வாங்கி, கூலி கொடுப்பவர் எவரோ அவரே முதலாளி. 1923-ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டம் அப்படித்தான் வைத்தது. அந்தச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அதைச் சேர்த்து, 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கிவிட்டார்கள். நான்கு தொகுப்புகளைப் பற்றியும் நமக்குள்ள குறைகளை வேறு கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம். இன்று அதற்குள் போக வேண்டாம். வேலையில் அடிபட்டால் வேலை வாங்கியவர் கொடுக்க வேண்டும் என்ற அடிப்படை அதிலும் அப்படியே இருக்கிறது.

"வீட்டுக்காரர் இல்லையா? கட்டிடம் அவருடையதுதானே?" என்று மேஸ்திரிகள் கேட்கிறார்கள். நன்றாகக் கவனியுங்கள், இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கட்டிடம் கட்டி விற்பதையே தொழிலாகக் கொண்ட கம்பெனி உங்களுக்கு வேலை கொடுத்தால், உங்கள் ஆளுக்கு நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு அந்தக் கம்பெனிக்கும் உண்டு. ஆனால் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உங்களிடமிருந்து வசூலிக்கும் உரிமையும் அதற்கு உண்டு. ஒரு வாத்தியாரோ, பஸ் கண்டக்டரோ தான் குடியிருக்க வீடு கட்டுகிறார் என்றால், கட்டிடம் அவர் தொழில் அல்ல. ஆகவே இந்தச் சட்டத்தின் பொறுப்பு அவர் பக்கம் போவதில்லை. எப்படிச் சுற்றி வந்தாலும் பாரம் கடைசியில் மேஸ்திரியின் தலையில்தான் இறங்குகிறது.

எவ்வளவு பாரம்? கணக்கைப் பாருங்கள். உயிர் போய்விட்டால், மாதக் கூலியில் பாதியை எடுத்து, இறந்தவரின் வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண்கள் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. முப்பது வயதுக்கு 207.98, நாற்பது வயதுக்கு 184.17. மாதக் கூலி எவ்வளவு இருந்தாலும் ஒரு வரம்புக்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அந்த வரம்பை 2020 ஜனவரியில் 8,000-லிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதை வைத்துப் பார்ப்போம். சித்தாளுக்கு நாள் கூலி 600 என்றால் 25 நாளைக்கு 15,000. அதில் பாதி 7,500. அதை 207.98-ஆல் பெருக்கினால் 15 லட்சத்து 59 ஆயிரத்து 850 ரூபாய். நாம் சொன்ன கதையில் அதிகாரி போட்ட கணக்கு இதுதான். உயிர் பிழைத்து, இனி ஒரு வேலையும் செய்ய முடியாது என்ற நிலைக்கு ஆளானால் பாதிக்குப் பதில் நூற்றுக்கு அறுபது. அதே பெண் முதுகெலும்பு ஒடிந்து பிழைத்திருந்தால் 18 லட்சத்து 71 ஆயிரத்து 820. வரம்பை சர்க்கார் அவ்வப்போது மாற்றும். பாலிசி எடுக்கிற நாளில் என்ன நிலவரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு பேரை வைத்து வேலை செய்கிற எந்த மேஸ்திரியிடம் இந்தப் பணம் இருக்கிறது?

எது முதலில்?

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைக் கூப்பிட்டால் ஒரு சந்தையே விரித்து வைப்பார். மிஷினுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று, கட்டிடத்துக்கு ஒன்று, வழிப்போக்கருக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று. எல்லாவற்றையும் வாங்க மேஸ்திரிக்கு வக்கில்லை. ஆகவே எது முதலில் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். நமது அபிப்பிராயத்தில் முதலில் எடுக்க வேண்டியது தொழிலாளர் நஷ்டஈட்டுப் பாலிசி. அதற்குப் பிறகுதான் மற்றவை.

ஆனால் நடப்பது என்ன? பல மேஸ்திரிகள் முதலில் இன்ஷூர் செய்வது கலவை மிஷினை! மிஷினுக்குக் கடன் கொடுத்தவர்கள் கேட்கிறார்கள், ஆகவே எடுக்கிறார்கள். ஆளுக்கு யாரும் கேட்பதில்லை. மிஷின் போனால் வாடகைக்கு இன்னொன்று எடுக்கலாம், தோழர்களே!

இங்கே ஒரு பெரிய சூட்சுமம் இருக்கிறது. ஏஜெண்ட் இரண்டு வகைக் காகிதங்களைக் காட்டுவார். இரண்டிலும் "விபத்து" என்ற வார்த்தை இருக்கும். ஒன்று, ஆட்கள் பெயரில் எடுக்கிற குழு விபத்துப் பாலிசி. ஆளுக்கு இரண்டு லட்சம், ஐந்து லட்சம் என்று ஒரு தொகை எழுதியிருக்கும்; இறந்தால் அந்தத் தொகை குடும்பத்துக்குப் போகும். கட்டணம் குறைச்சல் என்று மேஸ்திரி இதையே எடுத்துவிடுவார். இன்னொன்று, சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டை முதலாளிக்குப் பதிலாகக் கம்பெனி கொடுக்கிற பாலிசி. முதல் வகையால் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் கிடைக்கலாம். ஆனால் மேஸ்திரியின் பதினைந்து லட்சக் கடமை அப்படியே நிற்கும். அந்த ஐந்து லட்சத்தைக் கழித்துக்கொண்டு மிச்சம் தருகிறேன் என்றுகூடச் சொல்ல முடியாது. "நான்தான் ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் போட்டேனே" என்று அதிகாரி முன் அழுது பிரயோஜனம் இல்லை. ஆகவே காகிதத்தைக் கையில் வாங்கினவுடன் கேளுங்கள்: "இது ஆளுக்கு எழுதிய தொகையா, சட்டப்படி என் பொறுப்பா?" இந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத ஏஜெண்டிடம் எதுவும் வாங்காதீர்கள்.

வருஷம் 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு ஒரு சர்க்கார் திட்டம் பாங்கில் இருக்கிறது. 18 வயதிலிருந்து 70 வரை, பாங்குக் கணக்கு உள்ளவர் எவரும் சேரலாம். ஒவ்வொரு தொழிலாளியும் சேர வேண்டும் என்பதே நம் யோசனை. கட்டிடத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிந்துகொள்ளுங்கள். 1994-ல் இந்த வாரியம் அமைந்ததற்குப் பின்னால் நமது தொழிலாளர்களின் நீண்ட போராட்டம் இருக்கிறது. ஆனால் இந்தப் பணமெல்லாம் தொழிலாளிக்கு வேறு வழியில் வருகிற உதவி. இதைக் காட்டி மேஸ்திரி தன் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது.

பாலிசியில் என்ன பார்ப்பது?

இந்தப் பாலிசியின் கட்டணம் வருஷக் கூலி மொத்தத்தின் மேல் போடப்படுகிறது. இரண்டு கொத்தனாருக்கு ஆயிரம் ரூபாய் வீதம், நான்கு சித்தாளுக்கு 600 வீதம் என்றால் நாளைக்கு 4,400. மாதம் 25 நாள் என்றால் 1,10,000. வருஷத்துக்கு 13 லட்சத்து 20 ஆயிரம். இந்தத் தொகையைத்தான் கம்பெனியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் மூன்று பேர், அதுவும் பாதிக் கூலி என்று எழுதிக் கொடுக்கிறார்கள். விபத்து நடந்த மறுநாள் கம்பெனிக்காரர் வந்து ஆட்களை எண்ணுவார். கூலிப் புஸ்தகத்தைக் கேட்பார். ஆறு பேர் இருந்த இடத்தில் மூன்று பேருக்குத்தான் பாலிசி என்றால், அவருக்குத் தகராறு செய்ய வேறு காரணம் வேண்டுமா? சில நூறு ரூபாயைப் பார்த்துப் பதினைந்து லட்சத்தைக் கோட்டை விடுவதா?

கூலிப் புஸ்தகம் என்றதும் மேஸ்திரிகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். பெரிய லெட்ஜர் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டு போதும். பெயர், வயது, ஊர், போன் நம்பர், வேலைக்கு வந்த நாள், கொடுத்த கூலி, கையெழுத்து. வெளி மாநிலத் தொழிலாளி என்றால் அவர் வீட்டார் போன் நம்பரும் சேர்த்து எழுதுங்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னைக்குப் பக்கத்தில் மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்து 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அப்படிப்பட்ட நேரத்தில் யார் உள்ளே இருந்தார்கள் என்று சொல்லும் ஒரு நோட்டின் விலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, உட்காண்ட்ராக்ட். நீங்கள் கட்டு வேலையை வைத்துக்கொண்டு, சென்ட்ரிங்கை ஒருவருக்கும் பூச்சை இன்னொருவருக்கும் விடுகிறீர்கள். அவர்களுடைய ஆள் விழுந்தாலும் மேலே இருக்கிற உங்களைத் தேடி வர இடம் உண்டு. உட்காண்ட்ராக்டரின் ஆட்களும் இந்தப் பாலிசிக்குள் அடக்கம் என்று தனியாக எழுதி வாங்க வேண்டும். எழுதாவிட்டால் அடக்கம் இல்லை.

வைத்தியச் செலவும் அப்படித்தான். வேலையில் பட்ட காயத்துக்கு ஆன வைத்தியச் செலவை முதலாளி கொடுக்க வேண்டும் என்று 2009-ல் சட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் பல பாலிசிகளில் இது தானாக வராது. கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். கால் முறிந்த கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். சாவு அபூர்வம், கை கால் முறிவு வாரந்தோறும். ஆகவே இதை விட்டுவிடாதீர்கள். சேர்க்கும்போது ஆளுக்கு எவ்வளவு வரை என்ற வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம், பத்தாயிரம் என்று போட்டிருந்தால் இன்றைய ஆஸ்பத்திரியில் அது எந்த மூலைக்கு?

இடம் எது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே விலாசத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நீங்களோ மாதம் ஒரு ஊரில் வேலை செய்கிறவர். எல்லா வேலை இடங்களுக்கும் செல்லும் என்று இருக்க வேண்டும். எத்தனை மாடி, எவ்வளவு உயரம் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். தரையோடு வேலை என்று சொல்லிவிட்டு மூன்றாவது மாடியில் சாரம் கட்டக்கூடாது.

வருகிற வழியில் நடக்கும் விபத்தையும் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் நடக்கிற விபத்து, வேலையோடு அதற்குச் சம்பந்தம் இருந்தால், வேலையில் நடந்ததாகவே கொள்ளப்படும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. இது நம் பெண்களுக்குப் பெரிய விஷயம். விடியற்காலை நான்கு மணிக்குச் சரக்கு வண்டியில் இருபது பேர் நின்றுகொண்டு வருகிறார்கள். அந்த வண்டி கவிழ்ந்த செய்தியைப் பத்திரிகையில் எத்தனை முறை படித்தாயிற்று! பழைய வாசகத்தோடு பாலிசி கொடுத்தால், இது அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. பாலிசி இருக்கிறதே என்று தூங்கிவிடக் கூடாது. நஷ்டஈட்டை ஒரு மாதத்துக்குள் கட்டாமல் காரணமின்றி இழுத்தடித்தால் வட்டியும், அதற்கு மேல் தொகையில் பாதி வரை அபராதமும் போட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அந்த அபராதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டாது. அது மேஸ்திரியின் சொந்தப் பணத்திலிருந்துதான் போக வேண்டும்.

மேஸ்திரியே விழுந்தால்?

இதை யாரும் கேட்பதில்லை. இந்த வட்டாரத்தில் பெரும்பாலான மேஸ்திரிகள் தாங்களும் சாரத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள். ஆட்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பாலிசி எடுத்துவைத்த ஒரு மேஸ்திரி, தானே தவறி விழுந்தார் என்று வையுங்கள். அவருக்கு என்ன கிடைக்கும்? அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. அது தொழிலாளிக்கு அவர் கொடுக்க வேண்டியதற்கான பாலிசி. அவரோ அங்கே முதலாளி. தனக்குத்தானே நஷ்டஈடு கொடுப்பது எப்படி?

ஆகவே இரண்டாவதாக எடுக்க வேண்டியது மேஸ்திரி தன் பெயரில் எடுக்கும் தனிநபர் விபத்துப் பாலிசி. அதில் சாவுக்கு மட்டும் பணமா, ஊனத்துக்கும் உண்டா, படுத்திருக்கிற வாரங்களுக்கு வாரப் பணம் உண்டா என்று பார்க்க வேண்டும். தொழில் என்ன என்ற இடத்தில் "வியாபாரம்" என்று எழுதிக் கொடுக்காமல், கட்டிடத்தில் ஏறி வேலை செய்பவர் என்றே எழுதச் சொல்லுங்கள். மகனையும் மனைவியையும் வேலைக்குக் கூட்டிவருகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அவர்கள் பெயரும் கூலியும் நோட்டில் இல்லாவிட்டால், அவர்கள் தொழிலாளிகளா என்றே கம்பெனி கேட்கும்.

மூன்றாவது, வழிப்போக்கர். பஜார் தெருவில் முதல் மாடி கட்டும்போது ஒரு செங்கல் கீழே போகிறவர் தலையில் விழுகிறது. பக்கத்து வீட்டுச் சுவர் அஸ்திவாரம் தோண்டும்போது வெடிக்கிறது. இவர்கள் உங்கள் தொழிலாளிகள் அல்ல. முதல் பாலிசி இதற்குச் செல்லாது. வெளியாருக்கு ஏற்படும் சேதத்துக்கு என்று தனிப் பாலிசி உண்டு. நெருக்கமான தெருக்களில் வேலை எடுக்கிறவர் இதை யோசிக்க வேண்டும். ஊருக்கு வெளியே வயல் நடுவில் வீடு கட்டுகிறவருக்கு அவ்வளவு அவசரமில்லை.

கட்டுகிற கட்டிடத்துக்கும் சரக்குக்கும் என்று ஒரு பாலிசி இருக்கிறது. வேலை தொடங்கியதிலிருந்து ஒப்படைக்கும் வரை வெள்ளம், தீ, இடிவு இவற்றுக்கு ஈடு. அதைப் பெரும்பாலும் வேலை கொடுக்கிறவர் எடுப்பதுதான் பொருத்தம். கூலிக்கு மட்டும் கட்டிக் கொடுக்கிற மேஸ்திரி அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. மோசமான வேலையைத் திருத்தும் செலவு இதில் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிமெண்டைக் குறைத்து மணலை ஏற்றி, பூச்சு உதிர்ந்தால் எந்தக் கம்பெனியும் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது!

எந்தக் கம்பெனி என்று கேட்கிறீர்கள். 1973-ல் பொது இன்ஷூரன்ஸ் தேசியமயமானபோது, இருந்த 107 கம்பெனிகளையும் நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளாக ஆக்கினார்கள். அவற்றில் ஒன்றின் தலைமை ஆபீஸ் நமது சென்னையிலேயே இருக்கிறது. பிறகு தனியாரை உள்ளே விட்டார்கள். 2021-ல் பொதுத்துறைப் பங்கையே விற்கக் கதவு திறந்து சட்டத்தைத் திருத்தினார்கள். நமது விருப்பம் பொதுத்துறைப் பக்கம்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் போர்டைப் பார்த்துப் பாலிசி எடுக்காதீர்கள். இரண்டு மூன்று ஆபீஸ்களில் எழுத்தில் கணக்குக் கேட்டு, நாம் சொன்ன ஷரத்துகள் எதில் இருக்கின்றன என்று பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். கட்டணம் குறைந்திருப்பது பல சமயம் ஷரத்து குறைந்திருப்பதால்தான்.

பணத்துக்கு எங்கே போவது?

இதை ஒரு மேஸ்திரி நண்பர் கூட்டம் தொடங்குமுன்பே கேட்டார். நியாயமான கேள்வி. சதுர அடி ரேட் பேசும்போது ஆள் கூலி, சாரக் கம்பு வாடகை, கயிறு, மிஷின் டீசல் எல்லாம் போடுகிறோமே, இதை ஏன் போடுவதில்லை? கம்பெனி சொன்ன வருஷக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் எத்தனை சதுர அடி கட்டினீர்கள் என்று பாருங்கள். வகுங்கள். வருகிற காசை ரேட்டில் சேருங்கள். வீட்டுக்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: "ஐயா, உங்கள் வீட்டில் ஒரு உயிர் போனால் போலீஸ் உங்கள் வாசலுக்கும் வரும், இது அதற்காக." தனி வரியாக எழுதிக் காட்டினால் பல பேர் மறுப்பதில்லை.

"பக்கத்து மேஸ்திரி பாலிசி இல்லாமல் குறைந்த ரேட்டுக்கு எடுத்துவிடுவானே?" என்பது அடுத்த கேள்வி. வாஸ்தவம். தனியாக ஒருவர் செய்தால் வேலை போய்விடும் என்ற பயம் பொய்யல்ல. அதனால்தான் இந்தக் கூட்டத்தில் மேஸ்திரிகளையும் தொழிலாளிகளையும் ஒன்றாக உட்கார வைத்தோம். தொழிலாளித் தோழர்களே, புதிய இடத்தில் வேலைக்கு ஏறுமுன் கூலி எவ்வளவு என்று கேட்கிறீர்கள். கூடவே "பாலிசி இருக்கிறதா, என் பெயர் நோட்டில் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் திமிர் என்பார்கள். அந்தத் தெருவில் இருபது பேரும் கேட்டால் பாலிசி இல்லாத மேஸ்திரிக்கு ஆள் கிடைக்காது.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதலில் ஆம்புலன்ஸ், பத்திரம் எழுதுகிற வேலை பிறகு. ஆஸ்பத்திரியில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று எழுத வைக்கிறார்கள். போலீஸுக்குப் பயந்து தொழிலாளியும் ஒத்துக்கொள்கிறார். அந்த ஒரு வரியில் நஷ்டஈடு போய்விடுகிறது. வேலை இடத்தில் சாரத்திலிருந்து விழுந்தார் என்று நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு அன்றே அல்லது மறுநாளே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். குடும்பத்தோடு இவ்வளவு தருகிறேன் என்று தனியாக ஒப்பந்தம் பேசாதீர்கள். சாவு நஷ்டஈட்டை நேராகக் கையில் கொடுத்தால் சட்டம் அதைக் கொடுத்ததாகவே ஏற்காது. அதிகாரியிடம் கட்ட வேண்டும். அடக்கச் செலவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுப்பது வேறு. அதற்குத் தாமதம் செய்யக் கூடாது.

"குடித்திருந்தான்" என்று ஒரு பேச்சு எப்போதும் கிளம்பும். செத்தவரைப் பற்றி எதையும் சொல்லலாம், பதில் சொல்ல அவர் வர மாட்டார் அல்லவா? தெரிந்துகொள்ளுங்கள்: மரணத்திலும், நிரந்தரமாக முழு ஊனமான கேஸிலும் அந்தக் காரணத்தைச் சொல்லி நஷ்டஈட்டை மறுக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. சிறு காயங்களில்தான் அந்த வாதம் எடுபடும்.

நமது ஊழியர்களில் சிலருக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது. தொழிலாளிகளின் மேடையில் காண்ட்ராக்டருக்குப் பாலிசி சொல்லிக் கொடுப்பதா என்று கேட்டார்கள். அந்தப் பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்து காட்ட முடிந்தால் காட்டியிருப்போம். மேஸ்திரியிடம் பாலிசி இருந்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்குப் பணம் வந்திருக்கும். அவரும் இன்று நம்மோடு இந்தத் தரையில் உட்கார்ந்திருப்பார்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்தில் மேஸ்திரிகள் தங்கள் கூலிக் கணக்கைக் கொண்டு வாருங்கள். கணக்கு இல்லாதவர்கள் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூட்டி வரலாம். இரண்டு ஆபீஸ்களிலிருந்து மாதிரிப் பாலிசி வாங்கி வைத்திருக்கிறோம். உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம்.